கப்பல் வராத நாளிலும் சர்பத்

அந்தமானில் எலுமிச்சம்பழத்தின் விலையைக் கடல்தான் நிர்ணயிக்கும். சென்னையில் ஏற்றிய சரக்கு இங்கே வந்து இறங்க ஏறக்குறைய மூன்று நாளாகும். வங்கக் கடலில் புயல் சின்னம் என்று செய்தி வந்தால் கப்பல் நிற்கும். கப்பல் நின்றால் அபர்தீன் பஜாரில் எலுமிச்சை கண்ணில் படாது. பட்டாலும் வாங்கும் விலையில் இருக்காது. 2024 செப்டம்பரில் ஊரின் பெயரை ஸ்ரீ விஜயபுரம் என்று மாற்றினார்கள். எங்கள் வாயில் இன்னும் போர்ட் பிளேயர் என்றுதான் வருகிறது. பெயர் எதுவானாலும் புழுக்கம் பழைய புழுக்கம்தான். இங்கே வியர்வை வழியும், காயாது. காற்றில் அவ்வளவு ஈரம். வியர்வை காய்ந்தால்தானே உடம்பு குளிரும்? காயாத வியர்வையில் உப்பும் நீரும் போனதுதான் மிச்சம். அதனால் தீவு வீடுகளில் யார் வந்தாலும் முதலில் ஒரு டம்ளர் எதையாவது கலந்து கொடுத்துவிட்டுத்தான் பேச்சு.

என் அப்பா ராமநாதபுரம் பக்கத்திலிருந்து மரவேலைக்குக் கப்பலேறி வந்தவர். நான் காராச்சர்மாவில் பிறந்து வளர்ந்தேன். வேலைக்காலம் முழுக்க ஓட்டல்களில் பானம் கலக்கும் கவுண்டருக்குப் பின்னால் நின்றேன். காக்டெயில், மாக்டெயில், சுற்றுலாக்காரர்கள் கேட்கும் வண்ண வண்ணக் கலவை எல்லாம் செய்த கை இது. இப்போது வீட்டில் பேரப்பிள்ளைகளுக்கும் அக்கம்பக்கத்தாருக்கும் கலக்குகிறேன். ஓட்டலில் கற்றதைவிட வீட்டில் கற்றது அதிகம் என்று மனமாரச் சொல்வேன். ஓட்டலில் ஆளுயர ஃப்ரிட்ஜ் நிறைய மெயின்லேண்டிலிருந்து வந்த பாட்டில்கள் இருக்கும். வீட்டில் இருப்பது கொல்லையில் நிற்கும் மரமும் தொட்டியில் பிடித்து வைத்த தண்ணீரும்தான். அவற்றை வைத்தே நல்ல பானம் கலக்கலாம், அளவு தெரிந்தால் போதும்.

அந்த அளவை முதலில் சொல்லிவிடுகிறேன். புளிப்பு ஒரு பங்கு, இனிப்பு ஒரு பங்கு, தண்ணீர் ஐந்து அல்லது ஆறு பங்கு, உப்பு ஒரு சிட்டிகை. எலுமிச்சைச் சாறு 30 மில்லி, சர்க்கரைப் பாகு 30 மில்லி, குளிர்ந்த நீர் 150 முதல் 180 மில்லி. சர்க்கரையை அப்படியே குளிர்ந்த நீரில் போட்டுக் கலக்குவது நம் வீடுகளில் உள்ள பழக்கம். அது பாதி கரைந்து பாதி அடியில் நிற்கும். முதல் வாய் புளிக்கும், கடைசி வாய் திகட்டும். ஒரு கப் சர்க்கரைக்கு ஒரு கப் கொதிநீர் ஊற்றிக் கரைத்து, ஆறவைத்துச் சுத்தமான பாட்டிலில் ஃப்ரிட்ஜில் வையுங்கள். இரண்டு வாரம் கெடாது. இந்த ஊர் ஈரத்தில் சர்க்கரை டப்பாவிலேயே கட்டி தட்டிப் போகும். பாகாக வைத்துக்கொண்டால் அந்தத் தொல்லையும் இல்லை, எறும்பும் இல்லை. சமையலறையில் மில்லி குறித்த சின்ன அளவுக் கோப்பை ஒன்று இருக்கட்டும். இருமல் மருந்து பாட்டிலோடு வரும் மூடி கூடப் போதும்.

உலகத்தின் பெரிய காக்டெயில்கள் பலவும் இந்தக் கணக்கின் மேல் நிற்பவை. 17ஆம் நூற்றாண்டில் நம் கடற்கரைகளுக்கு வந்த ஐரோப்பியக் கப்பல்காரர்கள் சாராயம், எலுமிச்சை, சர்க்கரை, தண்ணீர், மசாலா ஆகிய ஐந்தையும் பெரிய பாத்திரத்தில் கலந்து குடித்தார்கள். பஞ்ச் என்ற அந்தப் பானம் இங்கிருந்துதான் லண்டன் வரை போனது. கியூபாவின் டைக்கிரி ரம், எலுமிச்சை, சர்க்கரை மூன்றும் சேர்ந்தது. 1898 வாக்கில் சந்தியாகோ பக்கத்துச் சுரங்கத்தில் வேலை பார்த்த அமெரிக்கப் பொறியாளர் ஜென்னிங்ஸ் காக்ஸ் பெயரோடு அதைச் சேர்த்துச் சொல்வார்கள்.

எலுமிச்சை கடற்பயணத்தில் மருந்தாகவும் இருந்தது. 1747இல் சாலிஸ்பரி என்ற பிரிட்டிஷ் போர்க்கப்பலில் ஜேம்ஸ் லிண்ட் என்ற மருத்துவர், ஸ்கர்வி நோயால் ஈறு வீங்கிக் கிடந்த 12 மாலுமிகளை இரண்டிரண்டு பேராகப் பிரித்து ஒவ்வொரு ஜோடிக்கும் ஒவ்வொன்றைக் கொடுத்துப் பார்த்தார். ஆரஞ்சும் எலுமிச்சையும் தின்ற இரண்டு பேர் ஒரே வாரத்துக்குள் எழுந்து நடமாடினார்கள். 1867இல் பிரிட்டிஷ் வணிகக் கப்பல்களும் மாலுமிகளுக்கு எலுமிச்சைச் சாறு தரவேண்டும் என்று சட்டம் வந்தது. அதே ஆண்டு லாக்லன் ரோஸ் என்ற ஸ்காட்லாந்துக்காரர், மது சேர்க்காமல் சர்க்கரை கொண்டு அந்தச் சாற்றைக் கெடாமல் வைக்கும் முறைக்குக் காப்புரிமை வாங்கினார். ஜின்னோடு அதைக் கலந்தால் கிம்லெட். ஓட்டலில் அதைக் கேட்பவர்களுக்குக் கலக்கும்போதெல்லாம், மூன்று நாள் கப்பலில் வந்து சேர்ந்த எங்கள் எலுமிச்சை நினைவுக்கு வரும்.

எலுமிச்சை வராத வாரம் என்ன செய்வது? இங்கேதான் அக்கம்பக்கம் உதவிக்கு வருகிறது. எங்கள் தெருவில் தமிழ், வங்காளம், தெலுங்கு, மலையாளம் நான்கும் உண்டு, பொதுமொழி இந்தி. பக்கத்து வீட்டு வங்காளி அம்மாவை நாங்கள் பௌதி என்று கூப்பிடுவோம், அண்ணி என்ற உறவு; அவர் என்னைத் தாதா, அதாவது அண்ணா, என்பார். கிழக்கு வங்காளத்திலிருந்து 1949 தொடங்கி அகதிகளாக வந்து குடியேறிய குடும்பங்களில் ஒன்று அவர்களுடையது. மாங்காயை வேகவைத்து நாங்கள் பானம் செய்வதைப் பார்த்து, “தாதா, வேகவைக்காதீங்க, நெருப்பில சுடுங்க” என்றார். சுட்ட மாங்காய் சர்பத் அவர்கள் வீட்டு வழக்கம். முழு மாங்காயை அடுப்புத் தணலில் தோல் கருகும்வரை புரட்டிச் சுட வேண்டும். ஆறியதும் தோலை உரித்துச் சதையைப் பிசைந்து, வறுத்துப் பொடித்த சீரகம், கருப்பு உப்பு, சர்க்கரை, இரண்டு புதினா இலை சேர்த்துக் குளிர்ந்த நீர் ஊற்றிக் கலக்க வேண்டும். அந்தப் புகை வாசனைக்கு ஈடான ஒன்றை நான் எந்த பாட்டிலிலும் கண்டதில்லை. மார்ச், ஏப்ரலில் மாங்காய் கொட்டிக் கிடக்கும்போது சதையைச் சர்க்கரையோடு கிளறிப் பாட்டிலில் போட்டு ஃப்ரிட்ஜில் வைப்போம். எலுமிச்சைக்காகக் கப்பலை எதிர்பார்க்க வேண்டியதில்லை.

வங்காளத்தின் பெயரைச் சொல்லும்போது இன்னொருவரையும் சொல்லாமல் போகக்கூடாது. 1971இல் வங்கதேசப் போரின்போது பன்காவ் அகதி முகாமில் காலரா பரவியது. நரம்பில் ஏற்றும் மருந்து தீர்ந்துபோனது. திலீப் மகலானபிஸ் என்ற மருத்துவர் குளுக்கோஸ், உப்பு, சோடா உப்பு மூன்றையும் தண்ணீரில் கலந்து பீப்பாய்களில் நிரப்பிக் குடிக்கக் கொடுக்கச் சொன்னார். நூற்றுக்கு முப்பது வரை இருந்த சாவு, நாலுக்கும் கீழே இறங்கியது. சர்க்கரையும் உப்பும் சேர்ந்து போனால்தான் குடல் தண்ணீரை வேகமாக உறிஞ்சும். ஒரு லிட்டர் நீருக்கு ஆறு மட்ட டீஸ்பூன் சர்க்கரை, அரை டீஸ்பூன் உப்பு. வயிற்றுப்போக்கில் வீட்டில் கலந்து தரவேண்டிய அளவு இது, கூட்டவும் வேண்டாம், குறைக்கவும் வேண்டாம். நம் பாட்டிகள் எலுமிச்சை சர்பத்தில் ஒரு சிட்டிகை உப்புப் போட்டது வெறும் ருசிக்காக மட்டுமில்லை என்பது அந்தக் கணக்கைப் பார்த்தால் விளங்கும்.

மலையாளி வீடுகளில் வேறு பாடம். 1921 மலபார் கலகத்துக்குப் பிறகு நாடுகடத்தப்பட்டு வந்த மாப்பிளாமார் தெற்கு அந்தமானில் குடியேறிய ஊர்களுக்குத் திரூர், மஞ்சேரி, காலிகட் என்றே பெயர். கேரளத்து குலுக்கி சர்பத்தை நான் பார் ஷேக்கர் பிடிக்கக் கற்றுக்கொள்பவர்களுக்கு முதல் பாடமாகச் சொல்வேன். ஒரு பெரிய டம்ளரில் எலுமிச்சைச் சாறு, பாகு, கீறிய பச்சை மிளகாய், ஊறவைத்த சப்ஜா விதை, ஐஸ்கட்டி போட்டு இன்னொரு டம்ளரைக் கவிழ்த்து அழுத்திப் பிடித்துப் பத்துப் பன்னிரண்டு விநாடி பலமாகக் குலுக்க வேண்டும். டம்ளரின் வெளிப்புறம் பனித்துளி கட்டினால் போதும். குலுக்கும்போது ஐஸ் கொஞ்சம் கரைந்து பானத்தில் சேர்கிறது. அது கெடுதல் இல்லை, வேண்டியதுதான். அந்த நீர் சேராவிட்டால் புளிப்பும் இனிப்பும் தனித்தனியாக நிற்கும். பழச்சாறு சேர்ந்த எதையும் குலுக்கலாம். சாறே இல்லாத மதுக் கலவையைக் கரண்டியால் சுழற்றினால் போதும். சோடா சேர்த்ததை மட்டும் குலுக்கக்கூடாது, அதைக் கடைசியில் மேலே ஊற்றுங்கள்.

ஐஸைப் பற்றி. ஒரு காலத்தில் அதுவும் கப்பலில்தான் வந்தது. பாஸ்டனிலிருந்து ஃப்ரெடரிக் டியூடர் என்ற வியாபாரி ஏரியில் வெட்டிய பனிக்கட்டியை மரத்தூளில் பொதிந்து 1833இல் கல்கத்தாவுக்கு அனுப்பினார். சென்னையில் அவர் 1842இல் கட்டிய ஐஸ் ஹவுஸ் இன்று விவேகானந்தர் இல்லமாக நிற்கிறது. இன்று ஐஸ் வீட்டு ஃப்ரீசரில் கிடைக்கிறது. ஆனால் அது எந்தத் தண்ணீரில் உறைந்தது என்று பாருங்கள். ஆண்டுக்கு 3,000 மில்லிமீட்டர் அளவுக்கு மழை கொட்டும் ஊரில் கோடை வந்தால் குழாய்த் தண்ணீர் முறைவைத்துத்தான் வரும். மலைச்சரிவில் விழும் மழை நிற்காமல் கடலுக்கு ஓடிவிடுகிறது. நகரம் தனிக்காரி அணையை நம்பியிருக்கிறது. ஆங்கிலேயர் தலைமையிடமாக வைத்திருந்த ராஸ் தீவில் கடல்நீரைக் காய்ச்சி வடித்த நிலையத்தின் சிதைவுகள் இன்றும் நிற்கின்றன. 2004 டிசம்பர் 26 சுனாமியில் நிக்கோபார் தீவுகளில் கிணறுகள் உப்பாகிப்போயின. எனவே எங்களுக்குத் தண்ணீர் சும்மா கிடைக்கும் பொருள் இல்லை. தொட்டித் தண்ணீரை நன்றாகக் கொதிக்கவைத்து ஆறவைத்துத்தான் ஐஸ் தட்டில் ஊற்றுவேன். உறைந்தால் கிருமி சாகாது. அசுத்தத் தண்ணீரில் செய்த ஐஸ் அசுத்தத் தண்ணீர்தான்.

இளநீருக்கு இந்த விதிகள் எதுவும் வேண்டாம். நிக்கோபாரில் தென்னைதான் வாழ்க்கை. தேங்காய் அங்கே உணவு, பன்றிக்குத் தீனி, முன்பு பண்டமாற்றில் பணமும் கூட. இளநீரில் சர்க்கரை போடாதீர்கள், ஐஸும் போடாதீர்கள். காயையே முழுதாக ஃப்ரிட்ஜில் இரவு வைத்து எடுத்து வெட்டுங்கள். வெட்டியதும் அரை மூடி எலுமிச்சையும் கல் உப்பில் ஒரு துளியும் சேர்த்துக் குடியுங்கள். வழுக்கையை மிக்ஸியில் ஒரு சுற்று சுற்றி அதோடு சேர்த்தால் பால் சேர்க்காத பாயசம்போல இருக்கும், குழந்தைகள் விடமாட்டார்கள். வெட்டிய இளநீரைச் சேமித்து வைக்க முயலவேண்டாம். காற்றுப் பட்டால் நிறம் மாறும், ருசி கெடும்.

பங்குனி உத்திரத்துக்கு போர்ட் பிளேயர் வெற்றிமலை முருகன் கோவிலுக்கு வரும் காவடிகளைப் பார்த்தால் தமிழ்நாட்டில் நிற்பதுபோல இருக்கும். வழிநெடுக நீர்மோரும் பானகமும் கொடுப்பார்கள். தீவில் பசும்பால் குறைவு, பல வீடுகளில் பால் பவுடரில் உறைகுத்திய தயிர்தான் மோராகிறது. அதில் இஞ்சி, கறிவேப்பிலை, உப்புச் சேர்த்து ஒன்றுக்கு நாலாக நீர்விட்டால் குறை தெரியாது. பானகத்துக்கு வெல்லம், சுக்கு, ஏலக்காய், எலுமிச்சை. எலுமிச்சை இல்லாத ஆண்டில் கொஞ்சம் புளிக்கரைசல் விடுவோம்.

இனி எச்சரிக்கை. இதை நான் அழுத்திச் சொல்கிறேன். அந்தமான் கொல்லைகளில் நட்சத்திரப் பழமும் பிலிம்பியும் காய்த்துக் குலுங்கும். முன்னதை இங்கே கம்ரக் என்பார்கள், பின்னதை மலையாளிகள் இரும்பன்புளி என்பார்கள். இரண்டும் எலுமிச்சைக்கு நல்ல மாற்று. ஆனால் இரண்டிலும் ஆக்சாலிக் அமிலம் அதிகம். கொழுப்புக் குறையும் என்று யாரோ சொல்லக் கேட்டு பிலிம்பியைச் சாறாகப் பிழிந்து குடித்தவர்களுக்குச் சிறுநீரகம் திடீரெனச் செயலிழந்ததைக் கேரள மருத்துவர்கள் மருத்துவ இதழில் எழுதியிருக்கிறார்கள். அதனால் பிலிம்பியை நான் மீன் குழம்பிலும் ஊறுகாயிலும் நிறுத்திவிடுகிறேன், பானத்தில் சேர்ப்பதில்லை. நட்சத்திரப் பழத்தில் நரம்பைத் தாக்கும் நச்சும் உண்டு. நல்ல சிறுநீரகம் அதை வெளியேற்றிவிடும், பழுதான சிறுநீரகத்தால் முடியாது. உடல்நலமுள்ள பெரியவருக்கு எப்போதாவது ஒரு பழத்தை இஞ்சி, உப்பு, பாகோடு அரைத்து வடிகட்டி நிறைய நீர்விட்டுக் கொடுக்கலாம். வெறும் வயிற்றில் வேண்டாம். சிறுநீரக நோயாளிக்கு ஒரு துண்டு கூட வேண்டாம். இளநீரும் அவர்களுக்கு ஆகாது. ஒரு காயில் ஒரு வாழைப்பழத்தைவிட அதிகமாகப் பொட்டாசியம் இருக்கும். இங்கே கடற்கரையோரம் தானாக வளரும் நோனியின் சாற்றுக்கும் இதே எச்சரிக்கை பொருந்தும். அதை எல்லா நோய்க்கும் மருந்தென்று விற்பதை நம்பிக் குடம் குடமாகக் குடிக்காதீர்கள்.

மதுவைப் பற்றிப் பேசாமல் போனால் நான் என் தொழிலுக்கு உண்மையாக இருக்கமாட்டேன். தீவுகளில் மது அனிட்கோ என்ற அரசு நிறுவனத்தின் கடைகளில் கிடைக்கிறது. டிசம்பரில் மாலை ஐந்து மணிக்கே சூரியன் மறைந்துவிடும் ஊர் இது. இருட்டியதும் குடிக்கத் தொடங்கினால் இரவு மிக நீளம். வீட்டில் கலக்கும்போது அளவுக் கோப்பை இல்லாமல் ஊற்றவே கூடாது. இந்திய ரம், விஸ்கி, ஜின் பெரும்பாலும் 42.8 விழுக்காடு ஆல்கஹால் கொண்டவை. 60 மில்லி பெக் ஒன்றில் ஏறக்குறைய 20 கிராம் ஆல்கஹால் போகிறது. அதைக் கரைக்க உடம்புக்கு இரண்டு மணி நேரத்துக்கு மேலாகும். எனவே நான் ஒரு காக்டெயிலுக்கு 45 மில்லிக்கு மேல் ஊற்றுவதில்லை.

நான் வீட்டில் செய்வது இதுதான்: வெள்ளை ரம் 45 மில்லி, எலுமிச்சைச் சாறு 20, வெல்லப் பாகு 15. மூன்றையும் ஐஸோடு குலுக்கி வடிகட்டி, குளிர்ந்த இளநீர் 90 மில்லி மேலே ஊற்றி, எங்கள் தீவுத் தோட்டத்து ஜாதிக்காயை ஒரே ஒரு முறை உரசித் தூவ வேண்டும். ஜாதிக்காய் அளவுக்கு மீறினால் நஞ்சு, வாசனைக்கு மட்டும். தென்னைக்கும் பாக்குக்கும் இடையில் ஜாதிக்காய், கிராம்பு, பட்டை, மிளகு வளர்க்கும் தோட்டங்கள் இங்கே பல உண்டு. புதிதாகப் பறித்ததின் வாசனை டப்பாவில் வருவதற்கு வராது.

மது தொடாதவருக்கு அதே டம்ளரில் என்ன கொடுப்பது? வெறும் பழச்சாற்றைக் கொடுத்தால் அவர் குழந்தைகள் வரிசையில் உட்கார்ந்ததுபோல் உணர்வார். மது பானத்துக்குத் தருவது தொண்டையில் ஒரு காரம், நாக்கில் ஒரு துவர்ப்பு. அவற்றை வேறு வழியில் தரலாம். கெட்டியான கட்டஞ்சாயாவில், அதாவது பால் சேர்க்காத தேநீரில், இரண்டு கிராம்பு, ஒரு துண்டு பட்டை, நசுக்கிய இஞ்சி போட்டுக் கொதிக்கவைத்து ஆறவைத்து, ரம்முக்குப் பதில் 60 மில்லி ஊற்றுங்கள். மற்ற அளவெல்லாம் அப்படியே. என் மருமகன் இதைத்தான் கேட்டு வாங்கிக் குடிக்கிறார். டம்ளரும் அலங்காரமும் இருவருக்கும் ஒன்றாகவே இருக்கட்டும், யார் எதைக் குடிக்கிறார் என்று அடுத்தவருக்குத் தெரியவேண்டிய அவசியமில்லை.

தாகத்துக்கு மது குடிக்காதீர்கள். அது உடம்பிலிருந்து நீரை வெளியேற்றும். குடித்துவிட்டு வண்டோரிலோ ஹேவ்லாக்கிலோ கடலில் இறங்கவே இறங்காதீர்கள். யார் வடித்ததென்று தெரியாத சாராயத்தைப் பழச்சாற்றோடு கலந்தால் சரியாகிவிடும் என்று நினைப்பது உயிருக்கே ஆபத்து. மெத்தனாலை எந்த எலுமிச்சையும் முறிக்காது.

வீட்டுக்கு யாராவது வந்தால் டம்ளரை எடுக்கும் முன்னால் கேளுங்கள்: சர்க்கரை நோய் உண்டா, சிறுநீரகத்தில் ஏதாவது கோளாறு உண்டா, மது சேர்க்கலாமா? முதல் கேள்விக்கு ஆம் என்றால் நீர்மோர் கொடுங்கள். இரண்டாவதற்கு ஆம் என்றால் எதைக் கொடுக்கலாம், எவ்வளவு கொடுக்கலாம் என்று அவரிடமே கேட்டு, கொதித்து ஆறிய நீரில் கலந்து கொடுங்கள். மூன்றாவதற்கு வேண்டாம் என்றால் மறுபடி கேட்காதீர்கள்.